தூசிக் கொப்பி

என் கண் நல்ல கண் என்று வெகுகாலம் திமிரோடு நம்பிக்கொண்டிருந்தேன். கலியாண வீட்டில் நூறு பேர் நிற்கும்போது எந்தப் பெண்ணின் கொண்டையில் பூ சரிந்திருக்கிறது, எந்த மாமாவின் சட்டையில் பொத்தான் திறந்திருக்கிறது என்று கமராவைத் தூக்கும் முன்பே சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட கண்ணை வைத்துக்கொண்டுதான் என் சொந்தக் கமராவுக்குள் இருந்த தூசியை மாதக்கணக்கில் காணாமல் இருந்தேன். அதைக் கண்டுபிடித்தவர், கிண்ணியாவிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து என் ஸ்ரூடியோவில் படங்களைத் திருத்தும் ஒரு பெண்.

அவருக்கு என்னைவிட ஐந்தாறு வயது குறைவு. முக்காடு, தடித்த கண்ணாடி, தோளில் எப்போதும் ஒரு துணிப்பை. முன்பு கிண்ணியாவில் ஒரு கடையில் இருந்து ஆட்களுக்கு விண்ணப்பப் படிவம் நிரப்பிக் கொடுத்தவர், ஆங்கிலத்தில் கடிதம் தட்டச்சு செய்து கொடுத்தவர். நான் அவரைத் தங்கச்சி என்பேன், அவர் என்னை அண்ணன் என்பார். நான் கோபக்காரன். இதை நானே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அன்புவழிபுரத்தில் என் வீட்டுக்கு இரண்டு பக்கமும் இருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள். அவர் கோபப்பட்டு நான் கண்டது ஒரே ஒரு தரம்தான்.

ஸ்ரூடியோ துறைமுகப் பக்கம் இறங்கும் தெருவில் ஒரு மேல்மாடி. யன்னலைத் திறந்தால் உப்புக் காற்று, மூடினால் வேகும். அவர் வேலைக்கு வந்த முதல் நாள், நான் கணினிக்கு முன்னால் வேர்த்து விறுவிறுத்து ஒரு தேர்த் திருவிழாப் படத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வானத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. அழிக்கிறேன், போகவில்லை. மறுபடி அழிக்கிறேன், அங்கேயே இருக்கிறது. ஒரு மணித்தியாலம் இப்படியே போயிருக்கும். அவர் பின்னால் நின்று பார்த்துவிட்டு, ‘அண்ணன், படத்தக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளுங்க’ என்றார். தள்ளினேன். கோபுரம் நகர்ந்தது, தேர் நகர்ந்தது, புள்ளி மட்டும் நகரவில்லை.

‘இது படத்துல இல்ல. ஈ’ என்று சொல்லிவிட்டு, நகத்தால் திரையை ஒரு சுரண்டு சுரண்டினார். புள்ளி போய்விட்டது. ஈயின் எச்சத்தை அழிக்க ஒரு மணித்தியாலம் மினக்கெட்டிருக்கிறேன்! அவர் சிரிக்கவில்லை. பையிலிருந்து மெல்லிய துணி ஒன்றை எடுத்துத் திரை முழுவதையும் துடைத்துவிட்டுக் கதிரையில் அமர்ந்தார். அன்றிலிருந்து எந்த வேலையைத் தொடங்கும் முன்பும் திரையைத் துடைப்பது அவர் வழக்கம்.

தூசியைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். முன்பு கமராவில் பிலிம் இருந்த இடத்தில் இப்போது சென்சர் என்று ஒரு தகடு இருக்கிறது. லென்ஸைக் கழற்றி மாற்றும் நேரம் தூசி உள்ளே போய் அதன் மேல் குந்திவிட்டால், பிறகு எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் மங்கலாக ஒரு பொட்டு விழும். மண்டபத்துக்குள் லென்ஸை அகலத் திறந்து எடுக்கும்போது அநேகமாகத் தெரியாது. வெயிலில், லென்ஸின் துளையைச் சுருக்கி, பின்னால் கடலும் வானமும் வர எடுத்தால் அப்பட்டமாகத் தெரியும். திருகோணமலையில் யார் கடலும் வானமும் இல்லாமல் கலியாணப் படம் எடுக்கிறார்கள்? எங்கள் ஊரில் தூசிக்கு ஒளிக்க இடமே இல்லை.

அவர் தூசி தேடுவதைப் பார்ப்பதற்கென்றே நான் கதிரையை இழுத்துப் போட்டுப் பின்னால் இருந்த நாட்கள் உண்டு. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை உச்சத்துக்கு ஏற்றுவார். வடிவான நீல வானம் அடிப்பிடித்த சட்டி மாதிரிக் கறுத்து, பொட்டுகள் வெள்ளையாகத் துலங்கும். பிறகு மேலே இடது மூலையில் தொடங்கி ஒரு வரி போவார், கொஞ்சம் இறங்குவார், மறுபடி ஒரு வரி. பிள்ளைக்குப் பேன் பார்க்கிறவர்கள் தலையை வகிடு வகிடாகப் பிரிப்பார்களே, அந்தப் பொறுமை. பொட்டு ஒன்று கண்டால் உடனே அழிக்கமாட்டார். அடுத்த படத்தைத் திறப்பார். அதே இடத்தில் இருக்கிறதா? அதற்கடுத்த படத்தில்? எல்லாவற்றிலும் அதே இடத்தில் இருந்தால் தூசி. இல்லாவிட்டால் அது காகம், பட்டம், தூரத்து வள்ளம், எதுவோ ஒன்று. ‘அது அதுட இடத்துல இரிக்கட்டும்’ என்று விட்டுவிடுவார்.

அழிப்பதிலும் ஓர் ஒழுங்கு வைத்திருந்தார். பொட்டை மறைக்க, படத்தின் வேறோர் இடத்திலிருந்து துண்டு எடுத்து அதன் மேல் வைக்க வேண்டும். நான் எட்டினதை எடுத்து அப்புகிறவன். அவர் பொட்டு இருக்கும் அதே உயரத்தில் பக்கவாட்டில் போய்த்தான் துண்டு எடுப்பார். வானம் கடலை நோக்கி இறங்க இறங்க நிறம் வெளிறும், மேலே இருந்து எடுத்தால் ஒட்டுப் போட்ட சேலை மாதிரித் தெரியும் என்பார். எங்கள் பஸ் நிலையப் பக்கம் மேயும் புள்ளிமான்களின் படத்தைக் கொடுத்தாலும் எது மானின் புள்ளி, எது என் கமராவின் புள்ளி என்று பிரித்துச் சொல்லுவார். பேச்சுக்குச் சொல்லவில்லை. ஒரு நாள் சொல்லியே காட்டினார்.

அவரிடம் தடித்த மட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி இருந்தது. பக்கத்துக்கு ஒரு நீள்சதுரம், அடிமட்டம் வைத்துக் கோடு போட்டது. அதுதான் படத்தின் சட்டம். அதற்குள்ளே தூசிகளைப் புள்ளி புள்ளியாகக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தார். வட்டமாகக் கறுத்திருந்தது மிளகு. வாலோடு இருந்தது பல்லிவால். எந்தத் திகதி, எந்த வேலையின் படத்தில் முதலில் கண்டார், எந்தத் திகதி அது போனது என்றும் பக்கத்தில் எழுதியிருப்பார். எங்கே பார்க்க வேண்டுமென்று தெரிந்தால் கண்ணுக்கு வேலை குறைவாம்.

‘என்ன தங்கச்சி, தூசிக்குப் பிறப்பத்தாட்சிப் பத்திரமோ?’ என்று பகிடி பண்ணினேன்.

‘இறப்பும் எழுதுறன் அண்ணன்’ என்றார், தலை நிமிராமல்.

சண்டை வந்ததும் அந்தக் கொப்பியால்தான். ஒரு கலண்டருக்காகச் சல்லி என்ற மீன்பிடிக் கிராமத்துக்குப் போய் வள்ளங்களையும் கருவாடு காயப்போடுவதையும் எடுத்து வந்தேன். அன்று சரியான காற்று. கடற்கரையில் நின்றபடியே லென்ஸ் மாற்றினேன், வேறென்ன செய்வது, சூரியன் காத்து நிற்குமா? அந்தப் படங்களில் அவர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தார். இடப் பக்கம் மேலே, வளைந்த ஒரு மெல்லிய நார். அதற்குப் பிறை என்று பெயர் வைத்தார். ‘காத்துக்குள்ள லென்ஸ் மாத்தினீங்களா அண்ணன்? கமராவக் கொழும்புக்குத் துடைக்க அனுப்புங்க. முந்தி மாதிரி வாயால ஊதிராதீங்க’ என்றார்.

முந்தி ஒரு தரம் ஊதியிருக்கிறேன். அதை இவர் எப்படி அறிந்தார் என்று யோசித்து யோசித்துப் பார்த்தும் பிடிபடவில்லை. இரண்டு கிழமை கழித்து ஒரு காலை, அவர் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போன நேரம் மேசையில் கிடந்த கொப்பியைப் புரட்டினேன். பழைய பக்கம் ஒன்றில் நாலு புள்ளிகள் கூட்டமாகக் கிடந்தன. பக்கத்தில் முத்து முத்தான எழுத்தில், ‘அண்ணன்ட எச்சில்’ என்று எழுதி, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று இலக்கமும் போட்டிருந்தது. கடவுச்சீட்டுப் படம் எடுக்க வந்து காத்திருந்த ஒருவர் என் தோளுக்கு மேலால் அதை வாசித்துவிட்டுக் ‘களுக்’ என்று சிரித்தார்.

எனக்கு வந்ததே கோபம்! ‘என்ர கமராவில தூசி இல்லை! உங்கட மனசிலதான் தூசி! ஆளைக் குறை பிடிக்கிறதுக்கு ஒரு கொப்பியோ? வேலை செய்ய வந்தனீங்களோ, என்னை வேவு பாக்க வந்தனீங்களோ?’ என்று கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும். அவர் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தார். ஒரு சொட்டும் சிந்தவில்லை. கொப்பியை எடுத்துப் பையில் வைத்தார், கண்ணாடியைச் சரிசெய்தார், படியிறங்கிக் கிண்ணியா பஸ்ஸுக்குப் போய்விட்டார். கோபத்தில் ஒரு சொல் சொல்லாத ஆளை என்ன செய்வது?

அது நடந்தது ஒரு கலியாணத்துக்கு அடுத்த நாள். பொம்பிளை சாம்பல்தீவு, மாப்பிள்ளை வெளிநாட்டில் வேலை. மூன்று கிழமை லீவில் வந்து தாலி கட்டிவிட்டுப் போக வந்தவர். கோயிலில் சடங்கு முடிந்தபின் இருவரையும் துறைமுகத்தைப் பார்த்த பாறைப் பக்கம் கூட்டிப் போனேன். கூறைச் சேலையில் அந்தப் பிள்ளை அவ்வளவு வடிவு. மேலுதட்டுக்கு மேலே இடப் பக்கமாக ஒரு மச்சம். சிரிக்கும்போது அதுவும் சேர்ந்து மேலேறும். கமராவை ட்ரைபொட்டில் பூட்டி, இருவரையும் தலையோடு தலை வைத்து இருத்தி, அசையாமல் இருக்கச் சொல்லி, ஒரே இடத்திலிருந்து இருபது படத்துக்கு மேல் எடுத்தேன். பின்னால் ஒரு கப்பல், மேலே வெட்ட வெளி வானம்.

மாப்பிள்ளை சில நாட்களில் விமானம் ஏற வேண்டும். போகுமுன் அல்பம் கையில் வேண்டும் என்றார்கள். தங்கச்சியும் வேலைக்கு வரவில்லை. சரி, அவர் செய்வதை நான் செய்ய ஏலாதோ என்ற வீம்பில் நானே கணினிக்கு முன்னால் அமர்ந்தேன். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினேன். வெள்ளை வெள்ளையாக எத்தனை புள்ளி! கண்ட கண்ட புள்ளியையெல்லாம் அழித்தேன். ஒரு படத்தில் அழித்ததை மற்ற எல்லாப் படங்களிலும் அதே இடங்களில் ஒரே அமுக்கில் பதிய வைக்க வழி இருக்கிறது. அதையும் அமுக்கினேன். அவர் மூன்று நாள் எடுக்கும் வேலையை அரை நாளில் முடித்துவிட்டு, பெரிய ஆள் மாதிரிக் கதிரையில் சாய்ந்தேன். ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கவே இல்லை. அல்பம் போனது, மாப்பிள்ளையும் போனார்.

ஒரு கிழமை கழித்து ‘வேலை கிடக்கு’ என்று அவருக்கு ஒரு செய்தி அனுப்பினேன். மன்னிப்புக் கேட்கவில்லை. என் தலைக்கனம் அப்படி. அடுத்த நாள் காலை வந்தார், திரையைத் துடைத்தார், ஏதோ நேற்றுத்தான் போனவர் மாதிரி வேலையைத் தொடங்கினார். மூன்று கிழமையில் நான் சத்தமில்லாமல் கமராவைக் கொழும்புக்கு அனுப்பித் துடைப்பித்தேன். அவரும் சத்தமில்லாமல் கொப்பியில் எதையோ எழுதினார்.

ஏழெட்டு மாதம் போயிருக்கும். ஒரு முற்பகல் அந்தப் பொம்பிளை தனியாகப் படியேறி வந்தார். முகம் வாடிப்போய் இருந்தது. கடிதங்கள் வைத்த பிளாஸ்டிக் கோவை ஒன்றை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். கணவரிடம் போவதற்கு விசாவுக்கு விண்ணப்பித்திருந்தாராம். கலியாணம் உண்மையென்று காட்ட அல்பப் படங்களின் பிரதிகளைக் கொடுத்திருந்தாராம். தூதரகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அதை எங்கள் தங்கச்சிதான் வாசித்துத் தமிழில் சொன்னார். கடவுச்சீட்டில் உள்ள மச்சம் சில கலியாணப் படங்களில் இருக்கிறது, சிலவற்றில் இல்லை. ஒரு படத்தில் அதே மச்சம் கணவரின் கன்னத்தில் இருக்கிறது. வேறு வேறு ஆட்களின் படங்களைப் பொருத்திச் செய்தவையோ என்று சந்தேகம். ஒரு மாதத்துக்குள் திருத்தாத மூலப் படங்களும் விளக்கமும் வராவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.

‘ஒரு மச்சத்துக்கு இவ்வளவு கதையோ!’ என்று நான் முதலில் தூதரகத்தின் மேல்தான் பாய்ந்தேன். பிறகு படங்களைத் திறந்து பார்த்தேன். ஏழு படங்களில் அந்தப் பிள்ளையின் முகத்தில் மச்சம் இல்லை. வெள்ளைப் புள்ளிகளோடு புள்ளியாக அதையும் நான் அழித்து, எல்லாப் படங்களிலும் பதியவும் விட்டிருக்கிறேன். ஒரு படத்தில் அந்தப் பிள்ளை கணவர் பக்கம் கொஞ்சம் சரிந்திருக்கிறார். மாப்பிள்ளையின் கன்னத்தில் கண்ட ஏதோ ஒரு புள்ளியை மறைப்பதற்கு நான் துண்டு எடுத்த இடத்தில் இப்போது அந்த மச்சம் வந்துவிட்டது. கணினி அதை அப்படியே தூக்கி மாப்பிள்ளையின் கன்னத்தில் வைத்துவிட்டது.

‘பிள்ளை, இதைப் பாத்திட்டு நீங்கள் ஏன் அப்பவே ஒண்டும் சொல்லேல்லை?’ என்றேன்.

‘நீங்கள் வடிவாக்கத்தான் எடுத்தனீங்கள் எண்டு நினைச்சன் அண்ணை. என்ர மச்சம் உங்களுக்கு வடிவில்லையாக்கும் எண்டு…’ என்று நிறுத்தினார். பிறகு, ‘இவருக்கு மச்சம் வந்ததைப் பாத்து ரெண்டு பேரும் சிரிச்சனாங்கள். இப்பதான் அழுறன். இவருக்கு இனி லீவு எப்ப கிடைக்குமெண்டே தெரியாது’ என்றார்.

எத்தனை நாள் அந்தப் பிள்ளை கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து அப்படி நினைத்திருக்கும்? என் அவசரம் அவருடைய முகத்தைக் குறையென்று சொல்லியிருக்கிறது.

‘மூலப் படம் இரிக்கிதானே, அண்ணன்? அனுப்பினாச் சரி’ என்றார் தங்கச்சி. அப்பாடா என்று மூலப் படங்களைத் தேடி எடுத்தேன். மச்சம் எல்லாவற்றிலும் இருந்தது. ஆனால் அவர் திரையில் ஓரிடத்தில் விரலை வைத்தார். எடுத்த திகதி. கலியாணத்துக்கு நாலு வருடம் முந்திய ஒரு திகதி!

அதுவும் என் வேலைதான். கமராவுக்குள்ளே நேரம் காக்கும் சின்னப் பற்றரி செத்துப்போய்க் கனகாலம். பெரிய பற்றரியைக் கழற்றிப் போடும்போதெல்லாம் திகதி பின்னுக்கு ஓடிவிடும். படத்தில் திகதி யாருக்கு வேண்டும் என்று நான் அலட்சியமாக விட்டிருந்தேன். ‘அந்த வருசம் இவர் இங்கை வரவே இல்லை அண்ணை. கடவுச்சீட்டில பாத்தால் தெரிஞ்சிடும்’ என்றார் பொம்பிளை. மூலப் படத்தை அனுப்பினால் பொய்யென்று அவர்களே முடிவு கட்டிவிடுவார்கள். அனுப்பாவிட்டால் நிராகரிப்பு. நான் தலையில் கைவைத்துக் குந்திவிட்டேன். அந்தப் பிள்ளை கோவையின் ஓரத்தை மடிப்பதும் நிமிர்த்துவதுமாக இருந்தார்.

தங்கச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டார். மாப்பிள்ளையையும் பொம்பிளையையும் விட்டுவிட்டு, வானத்தின் இடப் பக்கம் மேல் மூலையைப் பெரிதாக்கினார். கறுப்பு வெள்ளையாக்கினார். வித்தியாசத்தை உச்சத்துக்கு ஏற்றினார்.

‘இந்தா இரிக்கி, பிறை’ என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் பையிலிருந்து கொப்பியை எடுத்துப் பிரித்தார். பிறை சல்லியில் வந்த திகதி எழுதியிருந்தது. கொழும்பில் துடைத்தபின் போன திகதியும் எழுதியிருந்தது. இரண்டுக்கும் நடுவே ஏழு கிழமை, நாற்பத்தொன்பது நாள். ‘இந்த ஏழு கிழமைக்கி முந்தி எடுத்த எந்தப் படத்துலயும் பிறை இல்ல. பிந்தி எடுத்ததுலயும் இல்ல. கலியாணப் படத்துல இரிக்கி. அப்ப கலியாணம் எப்ப நடந்த?’ என்று, வாய்ப்பாடு கேட்கிற மாதிரி என்னைக் கேட்டார்.

‘நடுவில’ என்றேன், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

‘கொப்பிய நானே எழுதின எண்டு சொல்லுவாங்க. திகதி தெரியிற படம் வேணும்’ என்றார். தானே தேடினார். கலியாணத்துக்கு நாலு நாள் முந்தி ஒரு பாலர் பாடசாலையின் விளையாட்டுப் போட்டியை எடுத்திருந்தேன். மைதானத்துக்கு மேலே கட்டிய பதாகையில் திகதி கொட்டை எழுத்தில் இருந்தது. அதற்கு மேலே வானம், வானத்தில் பிறை. கலியாணத்துக்குப் பத்து நாள் பிந்தி ஒரு கட்டடத் திறப்பு விழா. அங்கேயும் பதாகை, திகதி, வானம், பிறை. எங்கள் ஊரில் பந்தல் இல்லாமல் விழா நடந்தாலும் பதாகை இல்லாமல் நடக்காது. அன்று அதற்காக ஊரையே கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

இரண்டு நாள் அவர் வேறெந்த வேலையும் தொடவில்லை. சல்லிக்கு முந்திய படம் ஒன்று, விளையாட்டுப் போட்டி, கலியாணம், திறப்பு விழா, துடைத்தபின் எடுத்தது ஒன்று, எல்லாவற்றையும் ஒரே அளவில் அருகருகே வைத்து, பிறை இருந்த இடத்தையும் இல்லாத இடத்தையும் சிவப்பு வட்டமிட்டார். பிறகு இன்னொன்று செய்தார். அதை நினைத்தால் இப்போதும் அவரைத் தூக்கி வைத்துக் கொண்டாட வேண்டும் போல இருக்கிறது. கலியாணத்தன்று கமராவை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படங்களைத் தனியாகப் பிரித்தார். கிடையாக எடுத்த படங்களில் இடப் பக்கம் மேலே இருந்த பிறை, கமராவைத் திருப்பி எடுத்தவற்றில் சட்டத்தின் வேறு மூலைக்குப் போயிருந்தது. ‘ஒட்டின படமெண்டா தூசி இப்புடி கமராவோட சேந்து திரும்புமா அண்ணன்?’ என்றார். கமரா துடைத்துக் கொடுத்த இடத்தில் தந்த திகதியிட்ட துண்டை நான் எங்கே வைத்தேன் என்று எனக்கே தெரியாது. அது அவருடைய கொப்பிக்குள் ஒட்டியிருந்தது.

விளக்கக் கடிதத்தை ஆங்கிலத்தில் அவரே தட்டச்சு செய்து, எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். கமராவின் திகதி பிழையாக இருந்தது, படப்பிடிப்பாளர் அதைச் சரிசெய்யவில்லை. படப்பிடிப்பாளர் தூசியென்று நினைத்து மணமகளின் மச்சத்தை அழித்தார். அவசரத்தில், படங்களை ஒப்பிட்டுப் பார்க்காமல் அழித்தார்.

‘அவசரம் சரி. ஒப்பிட்டுப் பார்க்காமல் எண்டது கட்டாயம் வேணுமோ?’ என்றேன்.

‘உண்மதானே அண்ணன்?’

பொம்பிளை எதிரே இருந்தார். அவர் முகத்தை, அந்த மச்சத்தை, ஒருமுறை பார்த்தேன். பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்தேன். வைத்த கையோடு, ‘தங்கச்சி, அண்டைக்கு நான் செய்தது பிழை’ என்றேன். இவ்வளவையும் சொல்ல எனக்கு ஏழெட்டு மாதம் தேவைப்பட்டிருக்கிறது.

‘எண்டைக்கு? ஊதின அண்டைக்கா, கத்தின அண்டைக்கா?’ என்றார். பொம்பிளை அன்று முதன்முதலாகச் சிரித்தார். மச்சமும் சேர்ந்து மேலேறியது.

கடிதம் போன பிறகு ஒவ்வொரு கிழமையும் ஏதாவது செய்தி வந்ததா என்று அந்தப் பிள்ளைக்கு நானே அழைத்துக் கேட்பேன். ‘இல்லை அண்ணை’ என்பார். குரல் ஒவ்வொரு தரமும் சின்னதாகிக்கொண்டு போனது. ஒருநாள் நேரே வந்தார். படியேறும் சத்தத்திலேயே தங்கச்சி கதிரையைப் பின்னால் தள்ளி எழும்பிவிட்டார். விசா கிடைத்திருந்தது. இரண்டு பெண்களும் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆளுக்கு ஆள் அழுதார்கள். நான் யன்னல் பக்கம் திரும்பித் துறைமுகத்தைப் பார்த்தேன். அங்கே பார்க்க ஒன்றும் இருக்கவில்லை. வேறெங்கே பார்ப்பது?

அல்பத்தை முழுவதும் புதிதாகச் செய்து தந்தோம். படங்களைத் தங்கச்சி ஒவ்வொன்றாகத் திருத்தினார். மச்சம் எல்லாவற்றிலும் அதன் இடத்தில் இருந்தது. மாப்பிள்ளைக்கு மச்சம் வந்த படத்தையும் அவர் மாற்றப் போனபோது பொம்பிளை தடுத்தார். ‘அக்கா, அதை மட்டும் மாத்தாதேங்கோ. அது எங்கட’ என்றார். எங்கட என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை.

பொம்பிளை வெளிநாடு போய் இரண்டு மாதத்தில் என் போனுக்கு இரண்டு படங்கள் வந்தன. குளிருக்குத் தடித்த உடுப்புப் போட்டுக்கொண்டு இருவரும் ஏதோ ஒரு பாலத்தில் நிற்கிறார்கள். நான் பாறையில் இருத்தினது மாதிரியே தலையோடு தலை. தங்கச்சிக்குக் காட்டவென்று கணினியில் பெரிதாகத் திறந்தேன். பொம்பிளையின் மச்சம் சிரிப்போடு சேர்ந்து மேலேறியிருந்தது. மாப்பிள்ளையின் கன்னத்திலும் ஒரு கறுப்புப் புள்ளி!

கை தன்பாட்டில் மவுஸுக்குப் போனது. தங்கச்சி என் கையை விலக்கினார். முதலில் படத்தைக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தார். புள்ளி கன்னத்தோடு சேர்ந்து நகர்ந்தது. திரையில் இல்லை. இரண்டாவது படத்தைத் திறந்தார். மாப்பிள்ளை இதில் மற்றப் பக்கம் நிற்கிறார், மனைவியைப் பார்த்துத் திரும்பியிருக்கிறார். புள்ளி இங்கேயும் கன்னத்தில், நான் வைத்த அதே இடத்தில் இருந்தது. கமராவிலும் இல்லை. நல்லாய்ப் பெரிதாக்கினார். ஓரம் கொஞ்சம் இழுபட்டிருந்தது, யாரோ விரலால் தொட்டு வைத்த மாதிரி.

‘கண்மை’ என்றார். எனக்குத் திரை மங்கலாகத் தெரிந்தது. அவர் பையிலிருந்து துணியை எடுத்தார். திரையைத் துடைக்கப் போகிறார் என்று நினைத்தேன், என்னிடம் நீட்டினார்.

‘அப்புடியே உடுங்க அண்ணன்’ என்றார். ‘அது அதுட இடத்துல இரிக்கட்டும்.’